கொடுக்காத ஜாதகம்

மே 9, வெள்ளி

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. மிருதுளா பள்ளியில் இரண்டாவது. முதலாவது வந்த பெண்ணின் அப்பா அதே பள்ளியில் வாத்தியார் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன், வேறொன்றும் சொல்வதற்கில்லை. மண்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

உணவுத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்கிறாள். நமக்கு மஞ்சள் வியாபாரம், பின்னால் உதவும். இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தருகிறோம் என்று சொல்லிவிட்டன. ஒன்று ஸ்ரீ குழந்தைவேல், இன்னொன்று நீலாம்பரி. இரண்டும் கோவை பைபாஸில் எதிரெதிரே நிற்கின்றன, பங்காளி வீடுகள் மாதிரி. ஒருத்தர் நீச்சல்குளம் கட்டினால் அடுத்தவர் ஆறே மாதத்தில் அதைவிட ஒரு முழம் நீளமாகக் கட்டுகிறார். பாடம் ஒன்று, கட்டணம் ஒன்று, தரவரிசைகூட முன்னே பின்னேதான். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? கூடப் படிக்கிற பிள்ளைகளை வைத்துத்தான். நான் ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறவன். மூட்டையில் கம்பியைக் குத்தி ஒரு கை எடுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா, காய்ந்ததா ஈரமா என்று சொல்லிவிடுவேன். காலேஜையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான் ஜாதி பார்க்கிறவன் அல்ல. ஆள் பார்க்கிறவன்.

மிருதுவுக்கு நீலாம்பரிதான் வேண்டுமாம். வசந்தாமணி அடுப்படியில் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். பெண்டாட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"நம்ம பையனும் நீலாம்பரிலதானுங்க படிச்சான். படிப்பு நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள்.

படிப்பு நன்றாகத்தான் இருந்தது. முடித்த கையோடு கூடப் படித்த பெண்ணை, எந்த ஊர் எந்த ஆளுங்க என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றானே, அதுதான் நன்றாக இல்லை. நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. இந்த டைரியிலும் எழுதுவதில்லை. யார் கேட்டாலும் எனக்கு ஒரே பெண் என்றுதான் சொல்கிறேன்.

மே 12, திங்கள்

மூன்று பேருமாக குழந்தைவேல் போய்ப் பார்த்தோம். மனசுக்கு நிறைவாக இருந்தது. மதில் சுவர் தென்னை உயரம். பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பஸ்ஸில் நடுவே கம்பி வலை. நூலகத்தில் காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் பையன்கள். பெண் உள்ளே நுழைந்தால் அப்பாவுக்கு ஒரு மெசேஜ், வெளியே போனால் ஒரு மெசேஜ். தும்மினால் வராது போல, அதையும் சேர்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.

ஒழுக்கத்துக்கென்றே ஓர் அதிகாரி வைத்திருக்கிறார்கள். மாரியப்பன் என்று பேர். கூடவே வந்து சுற்றிக் காட்டினார். மாணவர்கள் எந்தப் பக்கத்து ஆளுங்க என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே, "கவலைப்படாதீங்க, நம்ம பிள்ளைங்கதானுங்க நெறைய" என்றார். நாகரிகமான மனிதர்.

மிருதுதான் நடுவில் வாயைத் திறந்தாள். "சார், தீப்பிடிச்சா எந்தப் படில எறங்கறதுங்க?"

அவர் யோசித்துவிட்டு, "அதுக்குத் தனியா சர்க்குலர் இருக்கும்மா" என்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரு சர்க்குலர் வைத்திருக்கிறார்கள். இது அல்லவா நிர்வாகம்.

மே 14, புதன்

மழை. ஏலம் இல்லை. வசந்தாமணி கோவைக்குக் கண் ஆஸ்பத்திரி போய் வந்தாள். மாதம் தவறாமல் போகிறாள், டாக்டர் இன்னும் கண்ணாடி எழுதித் தரவில்லை. அந்த டாக்டருக்கு வெல்லம் போட்ட கச்சாயம் என்றால் உயிராம். ஒரு தூக்கு நிறையச் சுட்டு எடுத்துப்போனாள். டாக்டர்களையும் கவனித்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மே 15, வியாழன்

நடுநிலை தவறக் கூடாது என்பதால் நீலாம்பரிக்கும் போனோம். கேட் இருக்கிறது, கதவு இல்லை. புல்தரையில் பையன்களும் பெண்களும் கலந்து படுத்துக் கிடக்கிறார்கள், களத்தில் மஞ்சள் காயப்போட்ட மாதிரி. ஒரு பையன் காதில் கடுக்கன். அவன்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நிழலான இடத்தில் நாற்காலி போட்டான். அந்த அளவில் பரவாயில்லை.

சாம்பிள் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. பேரைக் கேட்டால் ஊர் தெரியவில்லை, ஊரைக் கேட்டால் ஆள் தெரியவில்லை. கடுக்கன் பையனிடம், "அப்பா என்ன பண்றாருப்பா?" என்றேன். "ஜாலியா இருக்காருங்க அங்கிள்" என்கிறான். அடுத்த கேள்வியை எங்கிருந்து தொடங்குவது? இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி கம்பங்கூழைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைப்பது பற்றி மிருதுவிடம் அரை மணி நேரம் பேசினாள். இருவரும் அப்படிச் சிரித்தார்கள். கூழில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மிருது இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. அந்த இடத்தில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, அதனாலும் இருக்கலாம்.

கேன்டீனுக்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று மிருதுவே எங்களை அழைத்துப்போனாள். முட்டை பப்ஸ் நாலு மணிக்கு மேல்தான் சூடாக இருக்கும் என்றும் சொன்னாள். இன்டர்நெட்டில் எல்லாம் போடுகிறார்கள் இப்போது.

மே 18, ஞாயிறு

பெருந்துறையில் கல்யாணம். காலேஜைப் பற்றிக் காலேஜில் விசாரித்தால் உண்மை வராது. மண்டபத்தில்தான் வரும். சம்பந்தம் பேசுவதானாலும் வேலைக்கு ஆள் வைப்பதானாலும் எங்கள் அப்பா பந்தியில் உட்கார்ந்துதான் விசாரிப்பார். எனக்கும் வேறு முறை தெரியாது.

ரைஸ்மில் அர்த்தநாரியைப் பிடித்தேன். பெரிய குடும்பம். பையன் குழந்தைவேலில் கடைசி வருஷம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பையன்கள் குணம் எப்படி, குடி கிடி உண்டா, குடும்பமெல்லாம் எப்படிப்பட்டது, சொந்த ஊரிலேயே இருப்பார்களா வெளிநாடு கிளம்பிவிடுவார்களா.

"ஏனுங்க சென்னியப்பன், என்ற பையனப் பத்திக் கேக்கறீங்களா, பொதுவாக் கேக்கறீங்களா?" என்றார்.

"உங்க பையன் மாதிரிப் பசங்கதான் அங்க பூராவும்னா என்ற பொண்ணக் கண்ண மூடிட்டு அனுப்பிருவனுங்க" என்றேன்.

மனிதர் அப்படியே நெகிழ்ந்துபோனார். என் இலைக்கு இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னார். கை கழுவுகிற இடத்தில் அவர் சம்சாரம் வந்து மிருதுவுக்கு என்ன வயது, என்ன உயரம் என்று கேட்டார். ஹாஸ்டல் கட்டிலுக்குக் கேட்கிறார் போலிருக்கிறது. அஞ்சரை அடி என்று சொன்னேன். எவ்வளவு அக்கறையான மனிதர்கள்.

மே 21, புதன்

மண்டிக்கு வந்தவர்களில் மூன்று பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். விலை இறங்கியிருக்கும்போது யாரும் இப்படிச் சிரிப்பதில்லை. குமாஸ்தா சுப்ரமணியிடம் கேட்டால், "நல்ல விசயந்தானுங்களே" என்கிறான். என்ன விஷயம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 25, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு அர்த்தநாரி, சம்சாரம், அவர் மச்சான் மூவரும் காரில் வந்து இறங்கினார்கள். தட்டில் ஆப்பிள், மாதுளை, மல்லிகைப்பூ. காலேஜைப் பற்றி ஆலோசனை சொல்ல வருகிறவர் பழத்தட்டோடு வருகிறாரே, என்ன பண்பு என்று நினைத்தேன். வசந்தாமணி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

மிருது பழைய டீ சர்ட்டோடு வந்து காபி கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று பேரும் அவள் உள்ளே போகும்வரை பார்த்தார்கள். அர்த்தநாரி சம்சாரம் எழுந்து சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்வையிட்டார். குலதெய்வம் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே ஆணி மட்டும் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒரே பொண்ணுங்களா?" என்றார்.

"ஒரே பொண்ணுங்க" என்றேன்.

சமையல்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது.

அதன் பிறகு அர்த்தநாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு ஜாதகம் குடுத்தீங்கன்னா நம்ம ஜோசியர்கிட்டப் பாத்தர்லாமுங்க" என்றார். காலேஜ் அட்மிஷனுக்கு ஜாதகமா என்று ஒரு கணம் விழித்தேன். அப்புறம்தான் ஜிலேபி, உயரம், மண்டியில் சிரிப்பு எல்லாம் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டு வந்தது. நான் காலேஜுக்கு விசாரித்ததை இவர்கள் மாப்பிள்ளைக்கு விசாரித்ததாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நான் கேட்ட கேள்வி அத்தனையும் அதுதான்.

"பொண்ணு படிக்கோணுமுங்க" என்றேன்.

"தாராளமாப் படிக்கட்டும். எங்க பையன் படிச்ச காலேஜ்லயே படிக்கட்டும். பேசி மட்டும் வெச்சுக்கலாம், முடிச்சதும் கல்யாணம்."

வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் ரைஸ்மில் அர்த்தநாரி என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பெண் கேட்கிறார். நாலு வருஷமாக நல்லது கெட்டதுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறாத ஆட்கள் இதைக் கேட்டால் என்ன ஆவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

"ஜாதகம் எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். வசந்தாமணி கதவோரம் வந்து, "அது நம்ம ஜோசியருகிட்ட இருக்குதுங்க. வாங்கிக் குடுத்துடறோம்" என்றாள். அவர்கள் போனதும் பூஜை அலமாரியைத் திறந்தேன். ஜாதகம் மஞ்சள் துணியில் சுற்றி வைத்த இடத்தில்தான் இருந்தது. இவளுக்குக் கண்ணில் கோளாறு என்பது உண்மைதான் போல.

மே 26, திங்கள்

மிருது என்னோடு பேசவில்லை. மௌனவிரதம் உடம்புக்கு நல்லது என்பார்கள்.

மே 28, புதன்

குழந்தைவேலில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டேன். ஹாஸ்டல் அறையும் ஒதுக்கிவிட்டார்கள். கூட இருக்கப்போவது காங்கேயத்துப் பெண், நம்ம ஆளுங்கதான். மாரியப்பன் சொன்னார்.

மிருது இன்று பேசினாள். "காலேஜுக்கு அனுப்பறீங்களாப்பா, அந்த ரைஸ்மில்காரங்களுக்குப் பொண்ணு வளத்துக் குடுக்க அனுப்பறீங்களா?"

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு."

"அண்ணனுக்கும் இதத்தான சொன்னீங்க."

அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனேன். அங்கே போய்த்தான் பார்த்தேன், இன்று வியாபாரிகள் சங்க விடுமுறை. திரும்பி வரவும் கௌரவக் குறைச்சல். ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

அர்த்தநாரியின் மச்சான் போன் செய்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஜோசியர் பாத்தாருங்க. நட்சத்திரம் ஒத்துவரலீங்களாம். மனசுல எதும் வெச்சுக்காதீங்க."

"அதனால என்னுங்க, எல்லாம் முருகன் செயல்" என்று நானும் முறைப்படி சொல்லிப் போனை வைத்தேன். காபி குடித்தேன். பாதி டம்ளரில் நின்றுவிட்டேன்.

ஜாதகம் இன்னும் பூஜை அலமாரியில் இருக்கிறது.

கொடுக்காத ஜாதகத்தை எந்த ஜோசியர் பார்த்தார்? எந்த நட்சத்திரம் ஒத்துவரவில்லை?

ஜூன் 2, திங்கள்

சுப்ரமணியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒத்துக்கொண்டான். அர்த்தநாரியின் மச்சான் போன வாரம் மண்டிப் பக்கம் வந்து இவனுக்கு டீயும் வடையும் வாங்கிக்கொடுத்து விசாரித்திருக்கிறார். என்னென்ன கேட்டார் என்றேன். நான் பந்தியில் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில்.

"நீ என்னடா சொன்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னனுங்க. மொதலாளிக்கு ரெண்டு பிள்ளைங்கன்னேன். பெரியவரு எங்கன்னாரு. சொன்னேன்."

"ஒரே பொண்ணுன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"அண்ணன் பாஸ் பண்ணுனப்ப நீங்க குடுத்த மைசூர்பாகத் தின்னவனுங்க நானு. எப்புடீங்க இல்லைன்னு சொல்றது?"

அவமானமாக இருந்தது. நான் கேட்காத சம்பந்தம். எனக்கு வேண்டாத மாப்பிள்ளை. அதிலும் நானே வேண்டாம் என்று சொல்லும் பெருமை எனக்குக் கிடைக்காமல், அவர்கள் முந்திக்கொண்டார்கள். நாலு வருஷமாக ஊரில் நான் சொல்லித் திரிந்தது ஒரே ஒரு பொய். அதை நம்பின ஆள் நான் மட்டும்தான் போலிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மாரியப்பன் போன். குரலில் எண்ணெய் வழிந்தது.

"ஒண்ணுமில்லீங்க. ஹாஸ்டல்ல ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். அந்தக் காங்கேயத்துப் பொண்ணோட அம்மா வேற ரூம் கேக்கறாங்க. உங்க பொண்ணுக்குத் தனி ரூமே தந்தர்றமுங்க, பின்னாடி பிளாக்ல."

"ஏனுங்க, என்ற பொண்ணு என்ன பண்ணுனா?"

"பொண்ணு தங்கமுங்க. குடும்பத்துல ஏதோ... நாங்க ஒண்ணும் பாக்கறதில்லீங்க. மத்த பேரன்ட்ஸ் பாக்கறாங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்க எப்படின்னு எல்லாரும் விசாரிக்கத்தான செய்வாங்க?"

இதே வார்த்தையை நான்தான் மே ஒன்பதாம் தேதி இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அப்போது படிக்க நன்றாக இருந்தது. இப்போது, என் பெண் ஒரு தப்பும் செய்யாமல் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது கண்முன் வந்து நின்றது. அதற்குப் பிறகு பேசியது நானா என்று எனக்கே தெரியவில்லை.

"இத பாருங்க. என்ற பையன் உங்க எதுத்தாப்ல இருக்கற காலேஜ்ல தங்க மெடல் வாங்குனவன். என்ற மருமவளும் அதே வருசம் வெள்ளி மெடல். உங்க காலேஜ்ல அப்படி ரெண்டு பேரச் சொல்லுங்க பாப்போம். உங்க படிக்கட்டு ரெண்டையும் நீங்களே ஏறி எறங்கிக்கங்க."

போனை வைத்துத் திரும்பினால் சமையல்கட்டு வாசலில் வசந்தாமணியும் மிருதுவும் நிற்கிறார்கள். அந்தப் பெண் வாங்கியது வெள்ளிப் பதக்கம் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று இருவரும் என்னையே பார்த்தார்கள். அந்த வருஷம் பேப்பரில் போட்டிருந்தான். பேப்பர் படிப்பது ஒரு குற்றமா?

"காபி இருக்குதா?" என்றேன்.

ஜூன் 5, வியாழன்

மிருதுவை நீலாம்பரியில் சேர்க்க முடிவு செய்தேன். பலவற்றையும் சீர்தூக்கிப் பார்த்ததில் அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

நீலாம்பரியில் சேர்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். கடுக்கன் பையன் எங்களை ஞாபகம் வைத்திருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வாசல்வரை வந்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இன்னும் ஜாலியாகத்தான் இருக்கிறாராம்.

மிருதுவின் அறையில் ஏற்கெனவே ஒரு பெண் வந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வணக்கம் அங்கிள், உங்க பொண்ணு குறட்டை விடுவாங்களா?" என்றாள். அவள் விசாரித்தது அவ்வளவுதான். இல்லை என்றேன். "நான் விடுவேன்" என்றாள்.

வார்டன் அம்மாள் உட்காரச் சொன்னார். "அவசரம்னா ஈரோட்டுலருந்து நீங்க வர நேரமாகும். கோயமுத்தூர்ல உங்களுக்குச் சொந்தம்னு யாராச்சும் இருக்காங்களா?"

மிருது தரையைப் பார்த்தாள். வசந்தாமணி ஜன்னலைப் பார்த்தாள். என் மச்சினிச்சி ஒருத்தி பீளமேட்டில் இருக்கிறாள். அவள் பேரைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"திலீபன்" என்றேன்.

"அவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"என்ற பையன்."

"நம்பர் சொல்லுங்க."

நம்பர் என்னிடம் இல்லை. நாலு வருஷம் முன்னாலேயே அழித்துவிட்டேன். சட்டைப்பையைத் தடவினேன், போனை எடுத்தேன், திருப்பி வைத்தேன். வார்டன் பேனாவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நம்பர் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். போனைப் பார்க்கவில்லை. ஒரு எண்கூடத் தடுமாறவில்லை. இவளுக்குப் பக்கத்து வீட்டு நம்பர் தெரியாது. என் நம்பரையே கேஸ்காரன் கேட்டால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பாள்.

வரும் வழியில் அவிநாசி தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன்.

"இந்த மாசம் கண் ஆஸ்பத்திரிக்கு எப்பப் போற?" என்றேன்.

வசந்தாமணி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "நாளான்னிக்கு, புதன்கெழம" என்றாள்.

"நானும் வர்றேன்."

"உங்குளுக்குக் கண்ணுல என்னுங்க?"

"தெரியல. கச்சாயம் மட்டும் கொஞ்சம் சேர்த்துச் சுடு. டாக்டர் ஊட்டுலயும் ஒரு ஆள் இருக்குமல்ல."